கசந்துபோன வயிறு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? சாப்பிடாதவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். இன்றைக்கு உங்களுக்கு ஒரு நல்ல துப்பறியும் கதை வைத்திருக்கிறேன். ஆனால் கேட்ட பிறகு ஒரு வேளைக்கு வாயில் எதுவும் இறங்காது. அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

வந்துவிட்டீர்களா? சரி.

பீர் ஆலையின் கொல்லைப்புறத்தில் காலை பத்து மணிக்கு மாப்பிள்ளை மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"என்ன வாசனை வருது மாப்பிள்ளை?" என்று கேட்டார் அத்தை.

"வாசனையா? இதுக்கு அந்தப் பேரை வச்சா மல்லிகைப்பூ மானநஷ்ட வழக்குப் போடும் அத்தை."

"விவரமாச் சொல்லுங்க."

"அழுகின முட்டை. அதுமேல ஒரு வாரம் ஊறின காலுறை. அதுக்கும் மேல யாரோ வாந்தி எடுத்து வெயில்ல காயப்போட்ட மாதிரி."

"முட்டை எவ்வளவு, காலுறை எவ்வளவு?"

"தராசு எடுத்துட்டு வரலையே!"

அத்தை முப்பது வருடம் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற மாதமே ஒரு காய்ச்சல் வந்து மோப்பத்தை முழுசாகக் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் துப்பறிய ஆரம்பித்தார். மாப்பிள்ளைக்கோ தெருமுனையில் நின்றபடியே எந்த வீட்டில் பால் பொங்கியது என்று சொல்லும் மூக்கு. அவருடைய கடை மூடிப்போனதும், "வீட்ல உக்காந்து சுவத்தைப் பாக்கறதுக்கு எங்கம்மாகூடப் போய் உதவுங்க" என்று மனைவி தள்ளிவிட்டாள். அத்தை அவரை ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. வாங்க, போங்க, உக்காருங்க என்றுதான் சொல்வார். எதை மோந்து பார்க்கச் சொல்வார் என்பதில்தான் மரியாதை இருக்காது.

இப்போது அவர் எதிரே மூன்று ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புத் தொட்டி நின்றது. பீர் காய்ச்ச பார்லியை ஊறவைத்து, அதன் இனிப்புத் தண்ணீரை வடித்துக்கொள்வார்கள். மிஞ்சும் சக்கையில் பெரும்பங்கு பின்பக்கத்து மாட்டுக்கொட்டகைக்குத் தீவனமாகப் போகும். மிச்சச் சக்கையும் கழிவுநீரும் இந்தத் தொட்டிக்கு. உள்ளே கோடிக்கணக்கான கிருமிகள் அதைத் தின்று எரிவாயு விடும். அந்த வாயுவில்தான் ஆலையின் பாய்லர் எரிய வேண்டும். தொழிலாளிகள் தொட்டிக்கு வைத்த பெயர் 'வயிறு'. பதினோரு வருடமாக அதற்குத் தீனி போட்டு, கிளறி, காய்ச்சல் பார்த்துக் காப்பாற்றிவந்த பெண் 'வயிற்றுக்காரி'. தொட்டிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறைதான் அவளுடைய வீடு.

பத்து நாளாக வயிறு செத்துக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. பாய்லர் வெளியிலிருந்து வந்த எண்ணெயில் எரிந்தது. கொல்லைச் சுவரில் மட்டும் ஆள் உயர எழுத்தில் 'இங்கே எதுவும் வீணாவதில்லை' என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துக்குக் கீழே, கால்வாயில் சாம்பல் நிறச் சேறு ஆடை கட்டி நின்றது. அதில் புழு நெளிந்தது. மாப்பிள்ளை பார்வையை வானத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"சுருக்கமா முடிச்சிடலாம்மா," என்றார் முதலாளி. "நாலு மணிக்கு விருந்தாளிங்க வர்றாங்க. கழிவே இல்லாத ஆலைன்னு எங்களுக்குப் பட்டயம் குடுக்கப்போறாங்க. தொட்டி ஏன் நின்னுச்சுன்னு கேட்பாங்க. ஆலை மேல தப்பில்ல, ஆள் மேலதான் தப்புன்னு வெளியாள் ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டா நல்லாருக்கும். அவளே ஒத்துக்கிட்டா. சாயந்திரம் அறையைக் காலி பண்றா."

பக்கத்தில் பீர் காய்ச்சும் மாஸ்டர் நின்றார். வெள்ளை அங்கி, வெள்ளைக் காலணி. அந்தக் கொல்லையில் காலணி வெள்ளையாக இருந்த ஒரே மனிதர். மாட்டுக்குப் போகத் தயாராக நின்ற வண்டியின் தொட்டியிலிருந்து ஒரு சிட்டிகைச் சக்கையை மேலாக எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"சுத்தமான பார்லி. நான் அனுப்பற தீவனத்தை நானே அள்ளித் தின்பேன். தப்பு சரக்குல இல்ல, சமையல்காரிகிட்ட!" என்று சிரித்தார்.

வயிற்றுக்காரி சிரிக்கவில்லை. இடுப்பில் சாவிக்கொத்தோடு, கை நிறையப் பழைய சூட்டுத் தழும்புகளோடு தலையைக் குனிந்து நின்றாள்.

"எப்படி ஆச்சும்மா?" என்றார் அத்தை.

"நான்தான். சக்கையை அளவுக்கு மேல கொட்டிட்டேன். உள்ள புளிச்சுப்போய் நின்னுடுச்சு."

"பதினோரு வருஷமா அளவு தப்பாதவ இப்ப ஏன் தப்பினே?"

"மனுஷி தானே. தப்பிட்டேன்."

சொன்னதையே ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி இருந்தது அவள் குரல். அத்தை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். தீனி கொட்டும் வாய் ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்த பொருக்கை நகத்தால் சுரண்டினார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு, கண்ணுகளா, அதை நாக்கில் வைத்தார்.

மாப்பிள்ளை ஒரு பீப்பாய்க்குப் பின்னால் ஓடினார். காலையில் சாப்பிட்டது, நேற்று இரவு சாப்பிட்டது, கல்யாணத்தன்று சாப்பிட்டது எல்லாம் வெளியே வந்தமாதிரி இருந்தது அவருக்கு. திரும்பி வரும்போது அத்தை நிதானமாக வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே எங்க வீட்ல தண்ணி குடிக்க உங்களுக்குத் தனி டம்ளர் அத்தை. கோவிச்சுக்காதீங்க."

அத்தை அவரைத் தள்ளி அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "மூக்குதானே போச்சு, நாக்கு நல்லாத்தான் இருக்கு. அவ சொன்னது உண்மைன்னா, அளவுக்கு மீறிக் கொட்டின சக்கை வாயோரத்துல ஒட்டிக் காய்ஞ்சு புளிக்கணும். இது புளிக்கலை மாப்பிள்ளை. கசக்குது. பல்லு வரைக்கும் கசக்குது. பார்லியில கசப்பு ஏது?"

"அப்ப அந்தம்மா பொய் சொல்றாங்களா?"

"இல்ல. சக்கை கூடினதாலதான் தொட்டி செத்துச்சுன்னு அவ நிஜமாவே நம்பறா. ஆனா பழியை வேற யாருக்காகவோ சுமக்கறா. யாருக்காகன்னுதான் தெரியணும்."

பின்வாசலில் வாட்ச்மேன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவர் தலைக்கு மேலே பளபளவென்று ஒரு விளம்பரம்: 'புது பீர்! மூன்று மடங்கு கசப்பு! இந்த மாதம் முதல்!'

"மாட்டு வண்டிக்காரர் எப்பப்ப வர்றாருங்க?" என்றார் அத்தை.

"காலையில சக்கை ஏத்திட்டுப் போவார். மத்தியானம் சாப்பாட்டுச் சங்கு ஊதினதும், கழுவின காலித் தொட்டிங்களைத் திருப்பிக் கொண்டு வந்து வச்சிட்டுப் போவார்."

"காலித் தொட்டியா?"

"காலித் தொட்டிதான்." வாட்ச்மேன் காதைக் குடைந்தார். "ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த மூணு வாரமா அந்த மாடு கிழடு தட்டிப்போச்சு. மத்தியானம் உள்ள வரும்போது முக்கி முக்கி இழுக்குது. நானே ரெண்டு தடவை பின்னாலேர்ந்து தள்ளிவிட்டேன். திரும்பிப் போகும்போது மட்டும் குஷியா ஓடுது."

"இளமை திரும்பிடுதோ என்னவோ," என்றார் மாப்பிள்ளை. "எங்க ஆலைத் தண்ணி பட்டா கிழமாடும் ஓடும்னு அதையும் விளம்பரத்துல போடச் சொல்லுங்க."

நாலு எட்டு நடந்ததும் அவரே நின்றுவிட்டார். "அத்தை! காலித் தொட்டி வரும்போது கனமா இருக்கு, போகும்போது லேசா இருக்கு!"

"இதுக்குத்தான் உங்களைக் கூட்டிட்டு வர்றேன். சங்கு ஊதினா வயிற்றுக்காரி சாப்பிடப் போயிடுவா. அந்த நேரத்துல தொட்டிகிட்ட யாரும் இருக்க மாட்டாங்க. வாங்க, மாடுங்களைப் பாத்துட்டு வருவோம்."

கொட்டகை சுவருக்கு அந்தப் பக்கம். எட்டு மாடுகள், விலா எலும்பை எண்ணிவிடலாம். வண்டியும் ஓட்டும் மாட்டுக்காரர் தீவனத் தொட்டியில் முழங்கை வரை விட்டு எதையோ வழித்துக்கொண்டிருந்தார். கொழகொழவென்ற பச்சைப்பழுப்புக் கூழ், மாட்டு எச்சில் நூல் நூலாகத் தொங்கியது. ஈக்கள் கும்மென்று எழுந்தன. அத்தை கேட்பதற்கு முன்பே, "சொல்லிடறேன் அத்தை," என்று மாப்பிள்ளை கைக்குட்டைக்குள்ளிருந்து ஒப்பித்தார். "காலுறை அதேதான். முட்டை இல்ல. புதுசா ஏதோ காய்ஞ்ச பூ வாடை."

"பூவா?" அத்தையின் கண் மின்னியது.

மாட்டுக்காரர் துண்டால் கையைத் துடைத்தபடி எழுந்தார். வயிற்றுக்காரியின் அதே மூக்கு, அதே தாடை.

"தங்கச்சி இன்னைக்கு அறையைக் காலி பண்றா, தெரியுமா?" என்றார் அத்தை, வணக்கம்கூடச் சொல்லாமல்.

அவர் கையிலிருந்த துண்டு விழுந்தது. "எதுக்கு?"

"தொட்டியைக் கொன்னுட்டான்னு. தானே ஒத்துக்கிட்டா. அளவு மீறிக் கொட்டிட்டாளாம்."

அந்தப் பெரிய மனிதர் சாணியென்றும் பாராமல் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ கொட்டலைம்மா. நான் கொட்டினேன். மாடுங்க மூணு வாரமா தொட்டியில மேலாப்புல மேஞ்சிட்டு அடிச்சக்கையைத் தொடறதில்ல. வெளிய எங்க கொட்டினாலும் நாறுது, ஊர்ல சண்டைக்கு வர்றாங்க. சரி, தங்கச்சி வயிறு எதையும் தின்னுமே, அதுக்கு நாலு வாய் கூடுதலா ஊட்டினா வாயு கூடும், அவளுக்கு நல்ல பேரு வரும்னு..." அவர் விழுந்த துண்டை எடுத்துக் கசக்கினார். "சொல்லாம செய்யணும்னு நினைச்சேன். அவளுக்குத் தெரியாது."

"தெரியும்யா. ஒருநாள் சீக்கிரமா சாப்பிட்டுட்டு வந்திருப்பா. நீ கொட்டறதைப் பாத்திருப்பா. உன்னைச் சொன்னா உனக்குச் சக்கை நின்னுபோகும், இந்த எட்டு மாடும் போகும். அதான் தானே கொட்டினதாச் சொல்லிட்டா."

"பாசமலருங்க ஒருத்தரை ஒருத்தர் குழியில தள்ளிடுச்சுங்க," என்று மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். "கேஸ் முடிஞ்சுது. குற்றவாளி கிடைச்சாச்சு. ஆனா இவரைப் பிடிச்சுக் குடுக்க எனக்கு மனசு வரல அத்தை."

"எங்க முடிஞ்சுது? மாடு ஏன் அடிச்சக்கையைத் தொடலைன்னு நீங்க கேக்கவே இல்லியே!"

அத்தை குனிந்தார். மாப்பிள்ளை அவசரமாகத் திரும்பிக்கொண்டார். வேண்டாம் கண்ணுகளா, நாமும் திரும்பிக்கொள்வோம். அத்தை துப்பும் சத்தம் மட்டும் கேட்டது.

"அதே கசப்பு," என்றார். "ஏம்ப்பா, வண்டியில சக்கையை யார் ஏத்தறாங்க?"

"ஆளுங்கதான். ஆனா இந்த மூணு வாரமா தொட்டிக்குத் தொட்டி முதல் ரெண்டு கூடையை மாஸ்டரே வந்து போடறார். 'என் கையால போணி'ன்னு சிரிப்பார். எவ்வளவு பெரிய மனுஷன், சக்கையில கையை வைக்கிறாரேன்னு எனக்கு அப்படியே மனசு நெகிழ்ந்துபோச்சு."

"வெள்ளைக் காலணிக்காரர்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

மூன்றரை மணிக்கு முதலாளியின் அறை. மேஜைமேல் விருந்தாளிகளுக்குப் பூங்கொத்து. வயிற்றுக்காரி கதவோரம் மூட்டையோடு நின்றாள். பக்கத்தில் அவள் அண்ணன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மாப்பிள்ளை மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, மாடு இன்னும் வாய் வைக்காத தீவனத் தொட்டி ஒன்றை வண்டியிலிருந்து அப்படியே இழுத்துவந்து பூங்கொத்துக்குப் பக்கத்தில் தொப்பென்று வைத்தார்.

"என்ன அசிங்கம் இது!" என்று முதலாளி எழுந்தார்.

"அசிங்கமா?" அத்தை கண்ணை விரித்தார். "சுத்தமான பார்லின்னு மாஸ்டர் காலையில சாப்பிட்டே காட்டினாரே! மாஸ்டர், இன்னொரு வாய் சாப்பிடுங்க. விருந்தாளிங்க முன்னாடியும் சாப்பிட்டுக் காட்டணுமில்ல, ஒத்திகை பாத்துக்கலாம்."

மாஸ்டர் சிரித்துக்கொண்டே மேலாக ஒரு சிட்டிகை எடுத்தார். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மேல வேண்டாம். கையை அடி வரைக்கும் விட்டு எடுங்க."

மாஸ்டர் கை அந்தரத்தில் நின்றது.

"எல்லாம் ஒரே சக்கைதானே? எதுக்கு யோசிக்கிறீங்க?"

"எனக்கு... இப்பதான் சாப்பிட்டேன்."

"நானும்தான்," என்றார் மாப்பிள்ளை. "ஆனா எங்கத்தை சாப்பிட்டாங்க. ரெண்டு தடவை."

வயிற்றுக்காரி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். யாரையும் கேட்காமல் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டாள். கொழகொழத்த பச்சைப்பழுப்பு அவள் விரலிடுக்கில் வழிந்தது. நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"இது பூச்சக்கை," என்றாள்.

"விளக்கமாச் சொல்லும்மா. உனக்குத்தான் தெரியும்."

"பீருக்குக் கசப்பு வர ஹாப்ஸ்னு ஒரு பூ போட்டுக் கொதிக்கவைப்பாங்க. அதோட சக்கை இது. பீர் கெடாம இருக்கறதே அந்தப் பூ கிருமியைக் கொல்றதாலதான். இது உள்ள போனா என் வயிறு செத்துப்போகும். புது பீர் வந்தப்போ இது மூணு பங்கு மிச்சமாச்சு. தொட்டியில கொட்டுன்னு மாஸ்டர் சொன்னார். முடியாதுன்னேன். தனியாக் காயவச்சு உரம் போடணும், இடம் கட்டுங்கன்னேன். கட்டறேன்னார்." அவள் கையிலிருந்ததை மாஸ்டரின் உள்ளங்கையில் அப்பினாள். "கட்டினீங்களா சார்?"

"கட்டலை," என்றார் அத்தை. "கழிவே இல்லைன்னு பட்டயம் வாங்கப்போறவர் கழிவுக்கு எப்படி இடம் கட்டுவார்? மாட்டுத் தீவனத்துக்கு அடியில ஒளிச்சார். மாட்டு வயித்துலயும் கிருமிதான் வேலை பாக்குது. அதுக்கு இருக்கற அறிவு, தொடலை. நீ எதை உள்ள விடமாட்டேன்னு தடுத்தியோ, அதையே உன் அண்ணன் ஆசையா கொண்டுவந்து உன் தொட்டிக்கு ஊட்டியிருக்கார். இவர் அதைத் தெரிஞ்சுக்கிட்டே, நீ பழி சுமக்கறதைப் பாத்து, உன் முன்னாடி நின்னு மென்னு காட்டினார்."

அண்ணனும் தங்கையும் அப்போதுதான் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"ஏம்மா சொல்லலை?" என்றார் அவர்.

"நீ ஏண்ணே கேக்கலை?" என்றாள் அவள்.

மாஸ்டர் அங்கியில் கையைத் துடைத்தார். வெள்ளையில் பச்சைக் கறை இழுபட்டது. "மாடு தின்னா என்ன, தின்னாட்டி என்ன? எங்கேயாவது போய்த்தானே ஆகணும்?"

அந்தச் சக்கைகூட அவ்வளவு நாறவில்லை என்று தோன்றியது மாப்பிள்ளைக்கு.

முதலாளி ஜன்னல் வழியே பார்த்தார். விருந்தாளிகளின் கார் வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் குரல் தேன் பூசிக்கொண்டது. "இதோ பாரும்மா. உன் வேலை உனக்கு, அறை உனக்கு. அண்ணனுக்குச் சக்கையும் நிக்காது. இன்னிக்கு ஒருநாள் மட்டும் தொட்டி மூடியைத் திறக்காதே. பழுது பாக்கறோம்னு சொல்லிக்கலாம். துப்பறியற அம்மாவும் அப்படியே எழுதிக் குடுத்துடட்டும்."

"நான் எழுதினா நாக்குல பட்டதைத்தான் எழுதுவேன்," என்றார் அத்தை. "வேணும்னா காகிதத்துல கொஞ்சம் தடவியும் தர்றேன்."

வயிற்றுக்காரி சாவிக்கொத்தை இடுப்பில் சரியாகச் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள். ஒத்துக்கொண்டாள் என்று முதலாளி மூச்சு விட்டார்.

பூங்கொத்தோடு விருந்தாளிகள் கொல்லைக்கு வந்தபோது அவள் ஏணியின் உச்சியில் நின்றாள். சுவரிலிருந்த பெரிய எழுத்துகளை அவர்கள் அண்ணாந்து வாசித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு மூடியைத் திறந்தாள்.

அந்த நாற்றம் ஒரு மிருகம் மாதிரி இறங்கி வந்தது. பூங்கொத்து கீழே விழுந்தது. கைக்குட்டைகள் முளைத்தன. ஒரு பெரியவர் குனிந்து குமட்டினார். மாப்பிள்ளை ஓடிப்போய் அவருக்குப் பீப்பாயின் பின்பக்கத்தைக் காட்டினார். "இங்க வசதியா இருக்கும் சார். நான் காலையிலேயே பாத்து வச்சிருக்கேன்."

"செத்துப்போச்சுங்க," என்றாள் வயிற்றுக்காரி மேலிருந்து. "பத்து நாளாச்சு. எதனாலன்னு மாஸ்டரைக் கேளுங்க. அவர் கையைப் பாருங்க, தெரியும்."

எல்லோரும் பார்த்தார்கள். மாஸ்டர் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். வெள்ளை அங்கியின் கறையை எங்கே கொண்டுபோவார்?

விருந்தாளிகளில் தலைவியாக வந்த அம்மாள் மட்டும் கைக்குட்டையை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். "மறுபடி உயிர் வருமா?"

"பூச்சக்கைக்குத் தனி இடம் கட்டினா வரும். பழசை இறைச்சிட்டு, புது மாட்டுச்சாணி கரைச்சு ஊத்தி, பொறுமையா இருந்தா இருபது நாள்ல ஏப்பம் விடும்."

"அப்ப இருபத்தோராம் நாள் வர்றேன். பட்டயத்தை அப்ப பேசிக்கலாம். நீதான் எனக்குப் பதில் சொல்லணும், வேற யாரும் வேண்டாம்."

இத்தனை பேர் காதில் விழுந்த பிறகு முதலாளி அவளை எங்கே அனுப்புவார்? மாஸ்டர்தான் அன்று மாலை பின்வாசல் வழியாகப் போனார். வாட்ச்மேன் எழுந்து நிற்கக்கூட இல்லை.

மறுநாளே அண்ணன் சாணி கொண்டுவந்தார், தன் கையாலேயே அள்ளி. இரண்டாவது வண்டியைத் தள்ளியது யார் என்கிறீர்கள்? "நீங்க ரொம்ப நல்லாத் தள்ளறீங்க மாப்பிள்ளை," என்று அத்தை மரியாதையாகச் சொன்னார். பத்தொன்பதாம் நாள் மதியம், சங்கு ஊதும் நேரத்தில், வயிறு ஒரு முறை குளக்கென்றது. வயிற்றுக்காரி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டுக் காதை இரும்பில் வைத்தாள். இன்னொரு முறை. அவள் அண்ணனைக் கூப்பிட்டாள். அவரும் காதை வைத்தார்.

"என்ன வாசனை மாப்பிள்ளை?" என்றார் அத்தை.

"சாணி அத்தை," என்றார் மாப்பிள்ளை. முதல்முறையாகக் கைக்குட்டை இல்லாமல் இழுத்து மூச்சு விட்டார். "வெறும் சாணி. நல்லாருக்கு."

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து கையைக் கழுவிக்கொள்ளுங்கள், கதை கேட்ட கைதான், ஆனாலும் கழுவுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் எரியட்டும். பானையில் மேலே இருப்பதும் அடியில் இருப்பதும் ஒரே ருசியாக இருக்கட்டும். உங்கள் வீட்டில் யாரும் யாருக்காகவும் வாய்மூடிப் பழி சுமக்க வேண்டாம். கேட்க ஒருவர் இருக்கட்டும், சொல்ல ஒருவர் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.